மாடிக்கு ஷீட் கூரை: எந்தச் சதுர அடிக்கு விலை சொல்கிறார்கள்?

பெங்களூரில் மொட்டை மாடிக்கு ஷீட் போட மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஒருவர் சதுர அடிக்கு 211 என்பார், இன்னொருவர் 234, மூன்றாமவர் 267. முதல் ஆளைக் கூப்பிடத்தான் கை போகும். ஆனால் மூன்று பேரும் கடைசியில் வாங்கப்போவது ஒரே தொகையாக இருக்கலாம். ஒருவர் மாடித் தளத்தை அளந்திருப்பார், ஒருவர் மேலே நின்று பார்த்தால் தெரியும் கூரையை அளந்திருப்பார், ஒருவர் கடையில் பில் போடும் ஷீட்டை அளந்திருப்பார். சதுர அடி என்ற சொல் மட்டும் பொது. ஆகவே விலை பேசுவதற்கு முன் பொருள் கணக்கை நாமே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு டேப்பும் ஒரு தாளும் போதும்.

எடுத்துக்காட்டாக, 30-40 சைட்டில் (30-க்கு 40 அடி மனையில்) கட்டிய வீடு, மாடி 26 அடி அகலம், 34 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் நடுவே முகடு, இரண்டு பக்கமும் சரிவு. வர்ணம் பூசிய கால்வல்யூம் (அலுமினியம்-துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு) ஷீட், அடியில் அதைத் தாங்கும் இரும்பு பாக்ஸ் பைப் சட்டகம், அதாவது டிரஸ். சீனிவாச நகரிலிருந்து லிங்கராஜபுரம் வரை பெரும்பாலான மாடிகளில் இருப்பது இதுதான்.

முதலில் மூலைவிட்டம். நான்கு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு வரைபடம் போடுகிறவர்கள் அதிகம். 26-க்கு 34 மாடியின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 42 அடி 9½ அங்குலம் வரவேண்டும். ஒன்று 43, இன்னொன்று 42½ என்றால் மாடி கோணலாக இருக்கிறது. நம்ம ஊரில் முறையான லேஅவுட் அனுமதி இல்லாத பழைய ரெவின்யூ சைட்டுகளில் இது சாதாரணம். ஷீட்டைக் கோணலாகப் போட முடியாது. டிரஸ்ஸை நேராக வைத்து, கோணலை ஓர ஃப்ளாஷிங்கில், அதாவது ஷீட் ஓரத்தை மூடும் மடித்த தகட்டில், மறைக்க வேண்டும். இதை வேலை தொடங்கும் முன் தெரிந்துகொண்டால் ஃப்ளாஷிங் தகட்டை அகலமாக மடிக்கச் சொல்லலாம். ஷீட் ஏற்றிய பிறகு தெரிந்தால் ஒரு பக்கம் தண்ணீர் கூரை ஓரத்து நீர்க்கால்வாயான கட்டரைத் தாண்டி விழும், மறுபக்கம் கட்டருக்கே எட்டாது.

இனி அளவு. நான்கு பக்கமும் ஓர் அடி வெளியே நீட்டுகிறோம். கூரை 28-க்கு 36 ஆகிறது, அதாவது 1,008 சதுர அடி. மாடித் தளமோ 884 தான். இங்கேயே முதல் வித்தியாசம் வந்துவிட்டது. நீட்டல், கட்டர் எல்லாம் சேர்ந்து உங்கள் எல்லைக்குள் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் கொட்டினால் சண்டை நிச்சயம்.

ஒரு பக்கச் சரிவின் படுக்கை அகலம் 14 அடி. முகட்டுக்கு இரண்டரை அடி உயரம் கொடுத்தால் ஏறக்குறைய 10 டிகிரி சரிவு. இதற்குக் கீழே போகாதீர்கள். சரிவு குறைந்தால் காற்றோடு வரும் மழை ஷீட் இணைப்புக்குள் ஏறி உள்ளே சொட்டும். சரிவு நீளம்: 14-ஐ 14-ஆல் பெருக்கினால் 196, இரண்டரையை இரண்டரையால் பெருக்கினால் 6.25, கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 14.22 அடி. முகட்டில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இடைவெளி, கட்டருக்குள் மூன்று அங்குலம் நீட்டல். முழுமையாக்கினால் 14½ அடி ஷீட். பீன்யா பக்கம் ரோல் அடிக்கும் இடங்களில் கேட்ட நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். கடையில் தயாராக இருக்கிறது என்று 8 அடி, 10 அடித் துண்டுகளை வாங்கி நடுவில் ஜாயின்ட் போடுவது இந்தச் சரிவுக்கு ஒத்துவராது. குறுக்கு ஜாயின்ட் இருக்கும் இடமெல்லாம் நாளைக்கு ஒழுகும் இடம்.

அகலத்தில்தான் கடைக்காரர் கணக்கு நுழைகிறது. 1,220 மிமீ அகலத் தகட்டுச் சுருளை (காயில்) மடித்து வரும் ஷீட்டின் மொத்த அகலம் பொதுவாக 1,070 மிமீ, மூன்றரை அடி. பக்கத்து ஷீட்டின் மேல் ஒரு மேடு ஏறி உட்காருவதால் நமக்கு மூடக் கிடைப்பது சுமார் ஒரு மீட்டர். பில் மூன்றரை அடிக்கு, கூரையில் கிடைப்பது 3.28 அடிக்கு. இது ஏமாற்று அல்ல, எல்லா இடத்திலும் இதுதான் நடைமுறை. கணக்கில் சேர்க்கத் தவறுவது நாம்தான். வாங்கும் ஷீட்டின் மூடும் அகலம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வடிவத்துக்கு வடிவம் மாறும்.

36 அடி என்பது 10.97 மீட்டர். ஒரு சரிவுக்கு 11 ஷீட், இரண்டுக்கும் 22. பெருக்கிப் பாருங்கள்: 22 × 14.5 × 3.5 = 1,117 சதுர அடி. தளம் 884, வாங்குவது 1,117. கால் பங்குக்கு மேல் கூடுதல். இதில் ஒரு சதுர அடிகூட வீண் இல்லை. இந்த வித்தியாசம் எஸ்டிமேட்டில் தெரியாவிட்டால் வேலை பாதியில் நிற்கும்போது "சார், இன்னும் நாலு ஷீட் வேணும்" என்று வரும்.

11 ஷீட் சரியாக 11 மீட்டர்தானே, சேதாரத்துக்கு ஒன்று கூட வாங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நேர் சரிவுக்கு வேண்டாம். முதல் ஷீட்டை நூல் பிடித்து நேராக வைத்தால் மூன்று சென்டிமீட்டர் மிச்சத்தோடு முடியும். தண்ணீர் டேங்க், படிக்கட்டு அறை, சோலார் ஹீட்டர் இவற்றைச் சுற்றி வெட்ட வேண்டியிருந்தால் மட்டும் கூடுதலாக ஒன்று. வெட்டி எடுத்த இடத்தைக் கழித்து எஸ்டிமேட் போடாதீர்கள். வெட்டிய துண்டு வேறு எங்கும் உதவாது.

ஷீட் தடிப்பில் நடக்கும் விளையாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். "பாயின்ட் ஃபைவ்" என்று கொட்டேஷனில் எழுதியிருக்கும். அது மொத்தத் தடிப்பா, பூச்சு நீங்கலாக இரும்பின் தடிப்பா? மொத்தம் 0.5 மிமீ என்றால் அதில் அலுமினியம்-துத்தநாகப் பூச்சும் வர்ணமும் சேர்ந்து ஏறக்குறைய 0.07 மிமீ. உள்ளே இரும்பு 0.43 தான். இதில் தப்பில்லை, வீட்டு மாடிக்குப் போதும். ஆனால் 0.5 என்று சொல்லி 0.40 ஷீட் வந்து இறங்கினால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மைக்ரோமீட்டர் எல்லோரிடமும் இருக்காது, தராசு கிடைக்கும். கணக்கு இதுதான்: இரும்பு ஒரு மிமீ தடிப்பில் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 0.43 இரும்பு, பூச்சு, வர்ணம் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 3.57 கிலோ. 14½ அடி ஷீட்டை விரித்தால் 4.42 × 1.22 மீட்டர், அதாவது 5.39 சதுர மீட்டர். ஆகவே ஒரு ஷீட் 19 கிலோ சுற்றுவட்டத்தில் நிற்க வேண்டும். 0.40 ஷீட் 15 கிலோதான் வரும். வண்டியிலிருந்து இறக்கும்போதே ஐந்து ஷீட்டை ஒன்றாக நிறுத்துப் பார்த்தால் 95-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். இதில் யாரும் வாதாட முடியாது.

பூச்சின் அளவையும் கேளுங்கள். ஏ.இசட். 150 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிராம். ஏ.இசட். 70 என்பது அதில் பாதிக்கும் குறைவு; மேலே வர்ணம் ஒரே மாதிரி பளபளக்கும், வெட்டு விளிம்பிலிருந்து துரு கிளம்புவது மட்டும் சீக்கிரம். வர்ணம் பூசிய கால்வல்யூமுக்கான தரக்குறியீடு ஐ.எஸ். 15965. பில்லில் தடிப்பு, பூச்சு, தரக்குறியீடு மூன்றும் இருக்கட்டும். ஷீட்டின் அடிப்பக்கத்தில் அச்சடித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது இரும்பு. செலவில் பெரிய பங்கும் இதுதான், கொட்டேஷனில் குறைவாக எழுதப்படுவதும் இதுதான். "டிரஸ் வொர்க்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பாக்ஸ் பைப்பின் எடையைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: வெளிச் சுற்றளவையும் தடிப்பையும் மில்லிமீட்டரில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, 0.00785-ஆல் பெருக்குங்கள். மூலைகளுக்காக 5 விழுக்காடு கழித்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். 60-க்கு 40 பைப், 2 மிமீ: சுற்றளவு 200, இரண்டால் பெருக்கினால் 400, 0.00785-ஆல் பெருக்கினால் 3.14, கழித்தால் 3 கிலோ.

நம் கூரைக்கு நான்கு டிரஸ், இடைவெளி 11 அடி 4 அங்குலம். எட்டுத் தூண், ஒவ்வொன்றும் 8 அடி, 75-க்கு 75, 3 மிமீ பைப்: 131 கிலோ. டிரஸ்ஸின் மேல், கீழ் சட்டங்கள் 60-க்கு 40, இரண்டரை மிமீ: 246 கிலோ. உள்ளே வரும் நிமிர்வு, சாய்வுத் துண்டுகள் 40-க்கு 40, 2 மிமீ: 67 கிலோ. தூண் தலைகளை நீளவாக்கில் இணைக்கும் கட்டு 77 கிலோ. மூலைத் தாங்கிகள் 31, அடித்தகடு எட்டுக்கு 20.

மீதி பர்லின். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம் நான்கு அடிக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. 14.22 அடிச் சரிவை நான்கு பாகமாக்கினால் மூன்றரை அடி இடைவெளி, ஐந்து வரிசை. இரண்டு சரிவுக்கும் பத்து, ஒவ்வொன்றும் 36 அடி. 60-க்கு 40, 2 மிமீயில் 329 கிலோ. ஐந்து வரிசைக்குப் பதில் நான்கு போட்டு 65 கிலோ மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. இடைவெளி நாலே முக்கால் அடியாகிவிடும். ஷீட் மேல் ஆள் நடக்கும்போது நடுவில் அமுங்கும், மேடு மடங்கும், அந்த மடிப்பு நிமிராது. டேங்க் கழுவ ஏறுகிறவர் பர்லின் எங்கே இருக்கிறது என்று பார்த்தா கால் வைப்பார்?

பைப் 20 அடி நீளத்தில்தான் வரும். 36 அடிக்கு ஒரு 20, ஒரு 16. மிச்சம் நான்கு அடி. பத்து வரிசைக்கு 20 பைப் வாங்க வேண்டும், எடை 366 கிலோ. கணக்கில் 329, வண்டியில் 366. மிச்சத் துண்டுகளை மூலைத் தாங்கிக்குப் பயன்படுத்தச் சொன்னால் அந்த 31 கிலோவில் பெரும்பகுதி ஈடாகிவிடும். இணைப்பு இரண்டு டிரஸ்ஸுக்கு நட்டநடுவில் வராமல், ஒரு வரிசையில் இந்தப் பக்கமும் அடுத்த வரிசையில் அந்தப் பக்கமுமாக மாறிமாறி வரட்டும். உள்ளே ஒரு துண்டைச் செருகிச் சுற்றிலும் வெல்டிங் வைக்க வேண்டும். மற்ற பைப்புகளிலும் இப்படி வெட்டுச் சேதம் உண்டு. மொத்தம் 950 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையின் 1,008 சதுர அடிக்குப் பிரித்தால் சதுர அடிக்கு 0.94 கிலோ. உங்களுக்கு வந்த கொட்டேஷனில் இதே அகலத்துக்கு 0.6 கிலோ என்று வந்தால், தூண் மெலிந்திருக்கிறது அல்லது பர்லின் குறைந்திருக்கிறது. எது என்று கேளுங்கள்.

பைப்பையும் நிறுத்துத்தான் வாங்க வேண்டும். 60-க்கு 40, 2 மிமீ பைப் ஒன்று 18 கிலோவுக்கு மேல் இருக்கும். 1.6 மிமீ என்றால் 14½. மைசூர் ரோட்டு நியூ டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் எடைக்கு வாங்கினால் இந்தப் பிரச்சினை குறைவு: மெலிந்த பைப்பைக் கொடுத்தால் பில்லும் குறையும். "சதுர அடிக்கு இவ்வளவு, மெட்டீரியல் எங்களுது" என்று ஒப்பந்தம் போட்டால்தான் மெலிந்த பைப் அவர்களுக்கு லாபம். என் யோசனை: இரும்பையும் ஷீட்டையும் நீங்களே வாங்குங்கள், கூலியை மட்டும் கிலோ கணக்கில் பேசுங்கள். நேரமில்லை என்பவர்கள் எடைச் சீட்டு கொடுத்த பிறகுதான் இரண்டாம் தவணை என்று எழுதி வாங்கலாம்.

கூரை கீழே விழுவதைப் பற்றித்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். ஷீட் கூரைக்கு ஆபத்து மேலே பறப்பதில். பெங்களூருக்கு ஐ.எஸ். 875, அதாவது கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தரநிலை, கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர்; சென்னைக்கு 50 என்பதால் இங்கே பயமில்லை என்று நினைக்க வேண்டாம். அழுத்தம் 0.6 × 33 × 33, அதாவது சதுர மீட்டருக்கு 653 நியூட்டன், ஏறக்குறைய 66 கிலோ. நம் கூரையின் எடை எவ்வளவு? வெட்டுச் சேதம் போக இரும்பு 900, ஷீட் 420, மொத்தம் 1,320 கிலோவை 93.6 சதுர மீட்டருக்குப் பிரித்தால் 14 கிலோ. நான்கு பக்கமும் திறந்த மாடியில் அந்தக் காற்று அடியில் புகுந்து தூக்கினால் சதுர மீட்டருக்கு 52 கிலோ மிச்சமாக மேலே இழுக்கிறது. நடுத் தூண் ஒவ்வொன்றின் பங்கும் 14.7 சதுர மீட்டர். முக்கால் டன்னுக்கு மேல்!

அந்த முக்கால் டன்னை எது பிடித்து வைத்திருக்கிறது? பல மாடிகளில் கைப்பிடிச் சுவர். நான்கு அங்குல சாலிட் பிளாக் சுவரின் தலையில் துளைக்குள் விரிந்து பிடிக்கும் நான்கு ராவல் போல்ட் அடித்துத் தூணை நிறுத்தியிருப்பார்கள். ஏப்ரல், மே மாதப் புயல்மழையில் ஒரு பிளாக் வரிசையோடு சேர்ந்து பிய்ந்து வருவது இப்படித்தான். இரும்புத் தூண் வீட்டின் கான்கிரீட் தூணின் தலையில்தான் உட்கார வேண்டும். நம்ம ஊர் வீடுகளில் அடுத்த மாடிக்கென்று விட்ட கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அது அதிர்ஷ்டம். துருவைத் தட்டிவிட்டு, அந்தக் கம்பியைச் சுற்றி ஓர் அடி உயரக் கான்கிரீட் பீடம் போட்டு, போல்ட்டுகளைக் கம்பியோடு கட்டி உள்ளே புதைக்கலாம். கம்பி இல்லாவிட்டால் கான்கிரீட் தூணைத் துளைத்து, பசையால் பிடிக்கும் போல்ட்டான கெமிக்கல் ஆங்கர், 12 மிமீ, இரும்புத் தூணுக்கு நான்கு, மொத்தம் 32. துளையில் இருக்கும் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதாமல் பசை விட்டால் பிடிப்பு பாதிகூட இருக்காது. அந்த நேரம் மட்டும் கூடவே நில்லுங்கள். பீடம் போட்டால் ஏழு நாளாவது தண்ணீர் காட்டிவிட்டு டிரஸ் ஏற்றச் சொல்லுங்கள். நீட்டல் அதிகம் என்றாலும், மூன்றாம் மாடிக்கு மேல் என்றாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். வரைபட அனுமதியில் இல்லாத மேற்கூரை விதிமீறலாகக் கருதப்படக்கூடும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்க்ரூ சின்னச் சாமான், ஒழுகல் முழுக்க அங்கிருந்துதான். ஒரு ஷீட்டில் ஐந்து மேடு. கீழ் ஓரப் பர்லினிலும் முகட்டுப் பர்லினிலும் மேட்டுக்கு ஒன்று, நடு மூன்று பர்லினில் ஒன்று விட்டு ஒன்று: 5 + 5 + 9 = 19. 22 ஷீட்டுக்கு 418. ஷீட்டோடு ஷீட்டைத் தைக்கும் ஸ்க்ரூ ஒன்றரை அடிக்கு ஒன்று, 180. முகட்டு மூடிக்கு 110. கைதவறிக் கீழே விழுவதையும் சேர்த்து 750 வாங்குங்கள். மேட்டில் போடுவது 55 மிமீ, தையல் ஸ்க்ரூ 20 மிமீ. வாஷர் ஈ.பி.டி.எம். ரப்பராக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழும்பும். சாதாரண ரப்பர் இரண்டு வெயில் காலத்தில் பொரிந்துவிடும். டிரில்லை முழு வேகத்தில் விட்டு முறுக்கினால் வாஷர் பிதுங்கிக் கிழியும். ரப்பர் தகட்டு விளிம்புக்குச் சற்று வெளியே தெரியும் இடத்தில் நிறுத்தினால் சரி. தவறான இடத்தில் துளை விழுந்தால் அதன் மேல் சிலிக்கான் தடவி மறைப்பார்கள். அங்கே ஒரு பெரிய ஸ்க்ரூவையே வாஷரோடு போட்டுவிடச் சொல்லுங்கள்.

முகட்டு மூடி 8 அடித் துண்டாக வந்தால், அரை அடி மேலடுக்கு விட்டு ஐந்து துண்டு. அதன் அடியில் ஷீட் வடிவத்துக்கு வெட்டிய ஃபோம் வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் மழைச்சாரலும் புறாவும் நுழையும். ஓர ஃப்ளாஷிங் 58 அடி, கட்டர் 72 அடி.

கட்டரில் பலர் சரிவு விடுவதே இல்லை. இரண்டு முனையிலும் குழாய் வைத்து, நடுவில் ஓர் அங்குலம் உயர்த்தினால் 18 அடிக்கு அது போதும். மணிக்கு 100 மிமீ வேகத்தில் கொட்டினால் ஒரு சரிவிலிருந்து நிமிடத்துக்கு 78 லிட்டர் வரும். ஒரு 110 மிமீ குழாயே தாங்கும். இரண்டு வைப்பது ஒன்று இலை அடைத்துக்கொள்ளும் என்பதற்காக. இந்தத் தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள். பெங்களூரின் சராசரி ஆண்டு மழை 970 மிமீ சுற்றுவட்டம். 85 விழுக்காடு பிடித்தாலும் இந்தக் கூரை 75,000 லிட்டருக்கு மேல் தரும். 30-40 சைட்டில் புது வீடு கட்டினால் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பலரிடம் தொட்டி ஏற்கெனவே இருக்கும். குழாயை அதில் இணைக்கும் செலவை இப்போதே சேர்த்துவிடலாம்.

வர்ணம்: பைப்பின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 52 சதுர மீட்டர். பிரைமர் ஒரு கோட்டுக்கு 5 லிட்டர், எனாமல் இரண்டு கோட்டுக்கு 10 லிட்டர். பர்லினின் மேல்முகத்தை ஷீட் ஏறும் முன் முடிக்க வேண்டும், அப்புறம் பிரஷ் போகாது. பைப் முனைகளை மூடாமல் விட்டால் உள்ளே தண்ணீர் நின்று உள்பக்கமிருந்து துருப்பிடிக்கும், வெளியே வர்ணம் புதிதாகவே தெரியும். வெப்பத்துக்கு அடியில் ஃபாயில் ஒட்டிய ஃபோம் போடுவதாக இருந்தால் அதையும் ஷீட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

இனி பணம். கீழே உள்ள விலைகள் கணக்கு போட்டுக் காட்ட நான் வைத்துக்கொண்டவை, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து. இரும்பு விலை மாதத்துக்கு மாதம் மாறும், நீங்கள் கேட்ட விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பைப் கிலோ 75 என்றால் 950 கிலோவுக்கு 71,250. ஷீட் சதுர அடி 55 என்றால் 61,435. டிரஸ் கூலி கிலோவுக்கு 25, மொத்தம் 23,750. ஷீட் ஏற்றி மாட்டும் கூலி சதுர அடிக்கு 10, மொத்தம் 11,170. ஸ்க்ரூ 4,500, முகட்டு மூடி 2,400, ஃப்ளாஷிங் 3,600, கட்டர் 12,960, இறக்குக் குழாய் 6,000, வர்ணம் 5,500, ஆங்கர் 4,800, பீடம் எட்டுக்கு 8,000, வண்டி வாடகை 5,000. கூட்டினால் 2,20,365. எதிர்பாராததற்கு 7 விழுக்காடு சேர்த்தால் 2,35,791 ரூபாய்.

இதை 884-ஆல் வகுத்தால் 267. 1,008-ஆல் வகுத்தால் 234. 1,117-ஆல் வகுத்தால் 211. முதல் பத்தியில் சொன்ன மூன்று பேரும் இவர்கள்தான்.

கட்டர், பீடம், ஆங்கர், குழாய் நான்கும் சேர்ந்து 31,760. "ஷீட் வேலை" என்று எழுதிய கொட்டேஷனில் விடுபடுவது பெரும்பாலும் இவை. ஆகவே 211 என்று கேட்டால், எந்த அளவுக்கு, எது எது சேர்த்து என்ற இரண்டு கேள்வி. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெல்டிங் மெஷினுக்கு யார் வீட்டுக் கரண்ட் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஏற்றுக்கூலியையும் முன்பே பேசுங்கள். ஸ்ரீராமபுரம் மாதிரிச் சந்துகளில் 20 அடிப் பைப் ஏற்றிய வண்டி திரும்பாது, தெருமுனையில் இறக்கித் தோளில்தான் வரும். மாடிக்குக் கயிற்றில் இழுக்கும்போது பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். வெறுங்கையில் எட்டாத கம்பி பைப்புக்கு எட்டும். கம்பி நெருக்கமாக இருந்தால் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள், அல்லது பைப்பைக் கீழேயே வெட்டி ஏற்றச் சொல்லுங்கள். இணைப்பு கூடினாலும் பரவாயில்லை.

வேலை நாளில் மூன்று விஷயம் கவனிக்கலாம். ஷீட்டை வெட்ட கிரைண்டர் பிடித்தால் கையைத் தட்டுங்கள்: பொறி விழுந்த இடமெல்லாம் வர்ணம் கருகி, அடுத்த மழைக்குள் செம்புள்ளியாகும். கத்தரியோ நிப்ளரோ வைத்து வெட்டட்டும். ஷீட் அடுக்குவதைத் தென்மேற்குக் காற்று வரும் பக்கத்துக்கு எதிர் முனையிலிருந்து தொடங்கினால், மேலடுக்கின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். ஸ்க்ரூ துளைத்த இரும்புத் தூளை அன்று மாலையே மென்மையான துடைப்பத்தால் பெருக்கி இறக்கிவிட வேண்டும். ஏ.சி.யின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் ஷீட்டில் விழாமல் தனிக் குழாயில் திருப்பிவிடுங்கள். செம்பு கலந்த நீர் கால்வல்யூம் பூச்சை அரித்துவிடும்.